மூச்சை எண்ணத் தெரிந்திருப்போம்

கார்த்திகை பிறந்து வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொண்டுவந்ததும் செங்கலடிச் சந்தியிலிருந்து பதுளை வீதி வழியே கரடியனாறு, உறுகாமம் வரையிலான வட்டைகள் எல்லாம் பச்சையாகிவிடும். பெரும்போக வேளாண்மைக் காலம். மண்வெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே வயலுக்குப் புறப்படும் தந்தையரை நாம் நாள்தோறும் காண்கிறோம். நம்மில் பலருடைய பாடசாலைச் செலவும் அந்த வயலிலிருந்துதான் வருகிறது.

அப்படி வயலுக்குப் போகும் ஒரு வாப்பாவுக்குக் காய்ச்சல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சில வருடங்களாக நீரிழிவு இருக்கிறது. காலில் ஆறாத சேற்றுப்புண். முதல் நாள் பனடோல் போடுகிறார். இரண்டாம் நாள் கொத்தமல்லி அவித்துக் குடிக்கிறார். மூன்றாம் நாள், “மழையில நனைஞ்ச காய்ச்சல்தானே, வெள்ளிக்கிழமை பார்ப்பம்” என்கிறார். அன்றிரவு அவருக்கு மூச்சு வாங்குகிறது. கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாமல் பதில் சொல்கிறார். மறுநாள் விடியும்போது குடும்பம் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே நிற்கிறது. உள்ளேயிருந்து வந்த வைத்தியர் ஒரு சொல்லைச் சொல்கிறார்: “செப்சிஸ்.”

இது எந்த ஒரு குடும்பத்தினதும் கதையல்ல. எமது பிரதேசத்தில் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. ஆகவே அந்தச் சொல்லின் பொருள் என்ன, அது ஏன் மூச்சை நிறுத்தப் பார்க்கிறது, அதை வெல்ல மருத்துவ உலகம் என்னென்ன ஆய்வுகளைச் செய்தது, வீட்டிலிருக்கும் நாம் என்ன செய்யலாம் என்பவற்றைப் பார்ப்போம்.

செப்சிஸ் என்றால் என்ன?

உடலுக்குள் ஒரு கிருமி நுழைந்தால் எமது நோய் எதிர்ப்புத் தொகுதி அதனுடன் போரிடும். வெண்குருதிக் கலங்கள் அவ்விடத்துக்கு விரைகின்றன. இரசாயனச் செய்திகள் பரவுகின்றன. குருதிக் கலன்கள் விரிந்து, போருக்கு வேண்டியவற்றை அவ்விடத்துக்குக் கசியவிடுகின்றன. காலில் முள் குத்திய இடம் சிவந்து, வீங்கி, சூடாவது இதனால்தான். போர் அந்த இடத்தோடு நின்றுவிட்டால் நல்லது.

சில வேளைகளில் அது எல்லை மீறிவிடுகிறது. ஓர் இடத்தில் நடக்கவேண்டிய போர் உடல் முழுவதும் மூள்கிறது. குருதிக் கலன்கள் எங்கும் விரிவதால் குருதியமுக்கம் விழுகிறது. கலன்களின் சுவர் கசிவதால் குருதியிலுள்ள திரவம் இழையங்களுக்குள் போய்விடுகிறது. மிக நுண்ணிய கலன்களில் குருதி உறைகிறது. சிறுநீரகம், ஈரல், மூளை, நுரையீரல் ஆகியவற்றுக்குப் போதிய ஒட்சிசன் கிடைப்பதில்லை. கிருமித் தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறி, உடலின் சொந்த உறுப்புகளையே செயலிழக்கச் செய்து உயிருக்கு ஆபத்தை விளைவிக்கும் நிலையே செப்சிஸ். 2016ஆம் ஆண்டு சர்வதேச வைத்திய நிபுணர்கள் ஏற்றுக்கொண்ட வரைவிலக்கணத்தின் சாரமும் இதுதான்.

ஆகவே செப்சிஸ் ஒரு தனிக் கிருமியின் பெயரல்ல. நிமோனியா, சிறுநீர்த் தொற்று, வயிற்றுக்குள் உண்டான சீழ், காலிலுள்ள புண், பிரசவத்துக்குப் பின்னரான தொற்று என எதிலிருந்தும் அது தொடங்கலாம். 2017ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 4 கோடியே 89 இலட்சம் பேர் செப்சிஸுக்கு உள்ளானார்கள் என்றும் அவர்களில் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் பேர் இறந்தார்கள் என்றும் 2020இல் ‘லான்செட்’ மருத்துவ ஏட்டில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. உலகில் நிகழும் ஐந்து மரணங்களில் ஒன்று இதனோடு தொடர்புடையது. இந்தச் சுமையின் பெரும்பகுதி வறிய நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும்தான் விழுகிறது. உலக சுகாதார அமைப்பின் பொதுச்சபை 2017 மே மாதத்தில் செப்சிஸைத் தடுப்பது உலக நாடுகளின் கடமை எனத் தீர்மானம் நிறைவேற்றியது இதனாலேயே.

மூச்சு ஏன் முட்டுகிறது?

பதின்மூன்றாம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த முஸ்லிம் வைத்தியர் இப்னு அந்நபீஸ், இதயத்தின் வலப்பக்கக் குருதி நுரையீரலுக்குச் சென்று, அங்கு காற்றோடு கலந்து, பின்னரே இடப்பக்கத்துக்கு வருகிறது என்று எழுதினார். இதயத்தின் நடுச்சுவரில் துளைகள் உண்டு, அவற்றினூடாகவே குருதி செல்கிறது என்று அதுவரை நிலவிய கிரேக்கக் கருத்தை அவர் மறுத்தார். உயர்தர உயிரியலில் நாம் படிக்கும் நுரையீரல் சுற்றோட்டத்தை முதலில் விளக்கியவர்களில் அவர் முக்கியமானவர்.

அவர் சொன்ன அந்தச் சந்திப்பு நுரையீரலின் சிற்றறைகளில் நடக்கிறது. எமது நுரையீரல்களில் சுமார் 30 கோடி சிற்றறைகள் உள்ளன. ஒவ்வொன்றையும் சுற்றிக் குருதி மயிர்க்குழாய்களின் வலை இருக்கிறது. காற்றுக்கும் குருதிக்கும் இடையிலுள்ள சுவர் மிக மிக மெல்லியது. அதனூடாக ஒட்சிசன் உள்ளே செல்கிறது, காபனீரொட்சைட்டு வெளியே வருகிறது.

செப்சிஸ் ஏற்படும்போது அந்த மெல்லிய சுவரும் கசியத் தொடங்குகிறது. காற்று இருக்கவேண்டிய சிற்றறைகளில் திரவம் நிரம்புகிறது. மழையில் ஊறிய பஞ்சு மெத்தையைப் போல நுரையீரல் கனத்து விறைத்துவிடுகிறது. நோயாளி எவ்வளவுதான் வேகமாக மூச்சை இழுத்தாலும் ஒட்சிசன் குருதியைச் சேர்வதில்லை. இதைக் கடும் சுவாச நெருக்கீட்டு நோய்த்தொகுப்பு என்பார்கள். 1967ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர்கள் சிலர் 12 நோயாளரைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் இது முதன்முதலாகத் தனி நோய்நிலையாக விபரிக்கப்பட்டது.

குருதியமுக்கம் விழுவதற்கு முன்பே பலருக்கு மூச்சின் வேகம் கூடிவிடும். வீட்டிலிருப்பவர் எந்தக் கருவியும் இல்லாமல் கண்டுபிடிக்கக்கூடிய அறிகுறி அது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

எமது மண்ணிலேயே இருக்கும் ஒரு கிருமி

செப்சிஸையும் நிமோனியாவையும் ஒன்றாகக் கொண்டுவரும் ஒரு நோய் எமது நாட்டு வயல் மண்ணிலேயே இருக்கிறது. அதன் பெயர் மெலியோய்டோசிஸ். எலிக்காய்ச்சலும் டெங்குவும் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

1911ஆம் ஆண்டில் பர்மாவின் ரங்கூனில் அல்பிரட் விட்மோர் என்ற ஆங்கிலேய வைத்தியரும் அவருடன் பணியாற்றிய சி. எஸ். கிருஷ்ணசுவாமி என்பவரும் இந்நோயை முதலில் அடையாளம் கண்டு, அடுத்த ஆண்டு அதுபற்றி எழுதினார்கள். இலங்கையில் முதல் நோயாளர் பற்றிய குறிப்பு 1927இல் வெளியானது. அதன் பின்னர் பல தசாப்தங்களுக்கு இது எமது நாட்டில் அபூர்வமான நோய் என்றே கருதப்பட்டது.

உண்மையில் நோய் அபூர்வமாக இருக்கவில்லை. அதைத் தேடுபவர்கள்தான் அபூர்வமாக இருந்தார்கள். நோயாளியின் குருதியை வளர்ப்பு ஊடகத்தில் வைத்தால் இந்தப் பற்றீரியா வளரும். ஆனால் பழக்கமில்லாத ஆய்வுகூடத்தில் அதை வேறொரு சாதாரண பற்றீரியா என்றோ, வெளியிலிருந்து கலந்துவிட்ட அழுக்கு என்றோ எண்ணி ஒதுக்கிவிட முடியும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் எனோக்கா கொரியா, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் வசந்தி தேவநேசம், அவுஸ்திரேலியாவின் திமோத்தி இங்கிலிஸ் முதலானோர் இணைந்து நாடு முழுவதும் ஒரு தேடலைத் தொடங்கினார்கள். சந்தேகத்துக்குரிய கிருமிகளை வைத்தியசாலைகளிலிருந்து திரட்டி, மரபணுச் சோதனையால் உறுதிப்படுத்தினார்கள்.

2016இல் வெளியான அந்த ஆய்வின்படி 2006 முதல் 2014இன் ஆரம்பம் வரை 32 நோயாளர் உறுதிப்படுத்தப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் கிராமப்புறத்தவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், ஆண்கள். செப்சிஸும் நிமோனியாவும் நோய் வெளிப்பட்ட முக்கிய வடிவங்கள். கிருமிகள் 18 மரபு வகைகளைச் சேர்ந்தவையாக இருந்தன. அதாவது இது எங்கிருந்தோ அண்மையில் வந்து பரவிய நோயல்ல, இலங்கை மண்ணில் நீண்டகாலமாக வேரூன்றிய நோய். இன்னொரு செய்தியும் அந்த ஆய்வில் உண்டு. வருடத்துக்கு வருடம் கண்டுபிடிக்கப்படும் எண்ணிக்கை கூடியது. இறப்போரின் விகிதமோ குறைந்தது. அடையாளம் கண்டால் காப்பாற்றலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

இந்தக் கிருமி ஈரமான மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. மழைக்காலத்தில் மேல்மண்ணுக்கு வருகிறது. வெறுங்காலுடன் சேற்றில் நிற்பவரின் வெடிப்பு, புண் வழியாக உடலுக்குள் நுழையலாம். பலத்த காற்றும் மழையும் சேரும்போது மூச்சுடன் உள்ளே போகலாம். கொதிக்கவைக்காத நீரைக் குடிப்பதாலும் வரலாம். மனிதரிலிருந்து மனிதருக்குத் தொற்றுவது மிக மிக அரிது. ஆகவே நோயாளியை ஒதுக்கவேண்டியதில்லை. ஆரோக்கியமான பலருக்கு இது ஒன்றும் செய்யாமல் போகலாம். நீரிழிவு உள்ளவருக்கும் சிறுநீரக நோயுள்ளவருக்கும் இதுவே சில நாட்களில் உயிராபத்தாக மாறலாம்.

வயல், மழை, நீரிழிவு ஆகிய மூன்றும் ஒன்றாகச் சந்திக்கும் இடம் எது என்று யோசித்தால், அது எமது மட்டக்களப்பு வாவிக் கரையோரத்துப் பல வீடுகள்தான்.

எந்த மருந்து நல்லது என்று எப்படித் தெரியும்?

“இந்த மருந்து குடிச்சன், சுகமாயிற்று” என்று ஒருவர் சொல்வது சான்றாகாது. மருந்து இல்லாமலும் அவருக்குச் சுகமாகியிருக்கலாம். ஒரே மாதிரியான இரு குழுவினரில் ஒரு குழுவுக்கு ஒரு சிகிச்சையும் மற்றக் குழுவுக்கு வேறொன்றும் கொடுத்து ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அர்ராஸி இதன் தேவையை உணர்ந்திருந்தார். மூளைக்காய்ச்சலின் அறிகுறி உள்ளவர்களில் ஒரு சாராருக்குக் குருதி வெளியேற்றும் சிகிச்சையைச் செய்து, மற்றவர்களை வேண்டுமென்றே அப்படிச் செய்யாமல் விட்டு ஒப்பிட்டதாக அவர் எழுதினார். குருதி வெளியேற்றும் சிகிச்சை இன்று கைவிடப்பட்டுவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் மட்டும் நிலைத்திருக்கிறது.

இன்றைய ஆய்வுகளில் யார் எந்தக் குழுவில் சேர்வது என்பதைத் திருவுளச்சீட்டுப் போல எழுந்தமானமாகத் தீர்மானிக்கிறார்கள். வைத்தியரின் விருப்பு வெறுப்பு குறுக்கே வராமல் இருக்கவே இந்த ஏற்பாடு. இப்படி நடந்த நான்கு ஆய்வுகளைப் பார்ப்போம்.

முதலாவது, தாய்லாந்தின் உபோன் ரட்சத்தானி என்ற நெல் விளையும் மாகாணத்தில் நடந்தது. கடும் மெலியோய்டோசிஸ் நோயாளருக்கு அதுவரை கொடுத்துவந்த மருந்துகளுடன் செப்டசிடிம் என்ற மருந்தை ஒப்பிட்டார்கள். பழைய சிகிச்சையில் 74 சதவீதமானோர் இறந்தார்கள். புதிய மருந்தில் அது 37 சதவீதமாக, அதாவது சரிபாதியாகக் குறைந்தது. 1989இல் இம்முடிவு வெளியானது. இன்று எமது நாட்டிலும் இந்நோய்க்கு முதலில் நரம்பு வழியாகச் செப்டசிடிம் அல்லது மெரோபெனம் குறைந்தது 10 முதல் 14 நாட்களுக்குக் கொடுக்கப்படுகிறது. அதன் பின்னர் கோ-ட்ரைமொக்சசோல் மாத்திரை மூன்று மாதமளவில் தொடரவேண்டும். வேறு நிமோனியாக்களுக்குப் பயன்படும் பல மருந்துகள் இந்தக் கிருமியிடம் பலிப்பதில்லை. மாத்திரையை இடையில் நிறுத்தினால் நோய் திரும்பவும் வரலாம். சுகமாகிவிட்டது என்று எண்ணி நிறுத்துபவர்கள் இதை நினைவில் கொள்ளவேண்டும்.

இரண்டாவது, அமெரிக்காவில் செயற்கைச் சுவாச இயந்திரத்தில் இருந்த 861 நோயாளரிடம் நடந்தது. ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்றைச் செலுத்துவது என்பதே கேள்வி. நிறையக் காற்றைக் கொடுத்தால் நல்லது என்றுதான் எவரும் நினைப்பார்கள். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 12 மில்லிலீற்றர் என்ற பழைய அளவை 6 மில்லிலீற்றர் என்ற சிறிய அளவுடன் ஒப்பிட்டார்கள். பெரிய அளவில் நூற்றுக்கு 40 பேரும் சிறிய அளவில் நூற்றுக்கு 31 பேரும் இறந்தார்கள். நோயுற்ற நுரையீரலை அதிகமாக ஊதிப் பெருக்குவதே அதைக் காயப்படுத்துகிறது என்பது 2000ஆம் ஆண்டில் இவ்வாறு நிரூபணமானது. இதற்குப் புதிய இயந்திரமோ விலை கூடிய மருந்தோ தேவைப்படவில்லை. ஒரு குமிழைக் குறைத்து வைப்பதே போதுமாக இருந்தது.

மூன்றாவது, பிரான்சின் தலைமையில் 466 பேரிடம் நடந்து 2013இல் வெளியானது. கடும் சுவாச நெருக்கீட்டில் இருந்தவர்களில் ஒரு குழுவினரை நாளொன்றுக்கு 16 மணி நேரமளவில் குப்புறப் படுக்கவைத்தார்கள். 28 நாட்களுக்குள் நிமிர்ந்து படுத்திருந்தோரில் சுமார் 33 சதவீதமானோர் இறக்க, குப்புறப் படுத்திருந்தோரில் 16 சதவீதமானோரே இறந்தார்கள். கொவிட் காலத்தில் நோயாளரைக் குப்புறப் படுக்கவைத்த காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அதன் பின்னால் இந்த ஆய்வு இருந்தது.

நான்காவது மனதைக் கனக்கச் செய்வது. உகண்டா, கென்யா, தன்சானியா ஆகிய நாடுகளில் கடும் காய்ச்சலும் குருதியோட்டக் குறைவும் உள்ள 3,141 சிறுவர்களிடம் நடந்தது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நரம்பு வழியாக வேகமாக நிறையத் திரவம் ஏற்றுவது நல்லது என்று நம்பப்பட்டது. 48 மணித்தியாலத்துக்குள் வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அப்படி ஏற்றப்படாதோரில் இறந்தோர் நூற்றுக்கு 7 பேரளவில்தான். பிள்ளைகளின் பாதுகாப்பைக் கண்காணித்த சுயாதீனக் குழு ஆய்வை இடையிலேயே நிறுத்தச் சொன்னது. முடிவு 2011இல் வெளியாகி உலகெங்கும் வைத்தியர்களைச் சிந்திக்கவைத்தது. இதைப் படித்துவிட்டு “சேலைன் கூடாது” என்று எவரும் முடிவெடுக்கக்கூடாது. டெங்கு, வயிற்றோட்டம் போன்றவற்றில் அளவறிந்து கொடுக்கும் திரவம் உயிரைக் காக்கிறது. எவருக்கு, எவ்வளவு, எந்த வேகத்தில் என்பதை அளந்து முடிவெடுக்கவேண்டும் என்பதே இதன் பாடம். ஒரு நாட்டுக்குச் சரியானது இன்னொரு நாட்டுக்கும் சரியாகத்தான் இருக்கும் என்று கண்ணை மூடி ஏற்கவும் முடியாது.

அந்தக் கதவுக்குப் பின்னால்

எமது ஊரில் “ஐ.சி.யு.வில போட்டா திரும்பி வரமாட்டார்” என்று ஒரு பேச்சு உண்டு. செயற்கைச் சுவாச இயந்திரம் என்றதும் குடும்பம் கலங்கிப்போகிறது. இந்த இயந்திரம் நோயைக் குணப்படுத்துவதில்லை. மருந்து கிருமியை அழிக்கும் வரை, களைத்துப்போன மூச்சுத் தசைகளுக்குப் பதிலாக உழைத்து அவகாசம் வாங்கித் தருகிறது. சிலர் பிழைக்கமாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் தாமதமாக வருவதே அந்த எண்ணிக்கையைக் கூட்டுகிறது.

தீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்த வரலாறு மாணவியர் அறிந்திருக்கவேண்டிய ஒன்று. 1952இல் டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் கடுமையாகப் பரவியது. முதல் மூன்று வாரங்களில் மூச்சுத் தசைகள் செயலிழந்து இயந்திர உதவி பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். பியோன் இப்சன் என்ற மயக்கமருந்து வைத்தியர், மூச்சுத்திணறிக் கொண்டிருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ஒரு றப்பர் பையைக் கையால் அமுக்கி அவளுடைய நுரையீரலுக்குக் காற்றைச் செலுத்தினார். அவள் பிழைத்தாள்.

ஆனால் நோயாளர் நிறையப் பேர். அந்தப் பையை இரவு பகலாக யார் அமுக்குவது? சுமார் 1,500 மருத்துவ, பல்மருத்துவ மாணவர்கள் முன்வந்தார்கள். முறை வைத்து, நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து, மணிக்கணக்காகக் கையால் மூச்சுக் கொடுத்தார்கள். இறப்பு வெகுவாகக் குறைந்தது. அடுத்த ஆண்டு இறுதியில் அந்நகரில் உருவான தனிப்பிரிவே உலகின் முதலாவது தீவிர சிகிச்சைப் பிரிவு எனப்படுகிறது. அதைச் சாத்தியமாக்கியவை மாணவர்களின் கைகள்தான்.

எமது நாட்டின் பங்கு

மேலைநாட்டு ஆய்வுகளை அப்படியே பின்பற்றினால் போதுமா? ஒரு நோயாளியின் நிலை எவ்வளவு மோசம் என்பதைக் கணக்கிட மேலைநாடுகளில் பயன்படும் புள்ளிமுறைகளுக்குப் பல குருதிச் சோதனைகள் தேவை. எல்லா வைத்தியசாலைகளிலும் எல்லா நேரமும் அவை கிடைப்பதில்லை. இலங்கை வைத்தியரான ரஷான் ஹனிபாவும் அவருடைய குழுவினரும் இந்தக் குறையை எடுத்துக்கொண்டார்கள். இலங்கைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தகவல்களைத் தொடர்ச்சியாகத் திரட்டும் ஒரு பதிவேட்டை உருவாக்கினார்கள். தென்னாசிய நாடுகளின் நோயாளர் தகவல்களைக் கொண்டு, குறைந்த வசதியுள்ள இடங்களிலும் கணக்கிடக்கூடிய எளிய புள்ளிமுறை ஒன்றை 2017இல் வெளியிட்டார்கள். இங்கு தொடங்கிய பதிவேட்டு முறை பின்னர் பாகிஸ்தான், இந்தியா, நேபாளம் போன்ற நாடுகளுக்கும் விரிந்தது.

இத்தகைய ஆய்வுகளில் பெற்றோருக்கு ஒரு கேள்வி எழலாம்: “எங்கட ஆளைப் பரிசோதனைக்குப் பாவிப்பாங்களா?” நியாயமான கேள்விதான். அதற்கு உலகம் தழுவிய விதிகள் உண்டு. 1964இல் உலக மருத்துவ சங்கம் வெளியிட்ட ஹெல்சிங்கி பிரகடனம் அவற்றின் அடிப்படை. நெறிமுறைக் குழுவின் அனுமதியின்றி ஆய்வு தொடங்க முடியாது. நோயாளி உணர்வற்று இருந்தால் பொதுவாக நெருங்கிய உறவினரிடம் விளக்கிச் சம்மதம் கேட்கவேண்டும். மறுக்கலாம். சம்மதித்த பின்னரும் விலகலாம். அதனால் வழமையான சிகிச்சை ஒருபோதும் குறையக்கூடாது. புரியாவிட்டால் “தமிழில் இன்னொரு முறை சொல்லுங்கள்” என்று கேட்பது எமது உரிமை. அந்த நேரத்தில் கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு மகள் குடும்பத்தில் இருந்தால் அது எவ்வளவு பெரிய துணை!

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

முதலாவது, மூச்சை எண்ணுவது. கைத்தொலைபேசியில் ஒரு நிமிடத்தை வைத்துக்கொண்டு நெஞ்சு எத்தனை முறை உயர்கிறது என்று எண்ணுங்கள். நோயாளி அமைதியாக இருக்கும்போது, அவருக்குச் சொல்லாமல் எண்ணுவது நல்லது. தெரிந்தால் மூச்சின் வேகத்தை அவர் அறியாமலே மாற்றிவிடுவார். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. காய்ச்சலுடன் 22 அல்லது அதற்கு மேல் இருந்தால் எச்சரிக்கை. பிறந்து 2 மாதம் முதல் ஒரு வயது வரையான பிள்ளைக்கு 50ம், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40ம் அதற்கு மேலும் வேகமான மூச்சு எனக் கொள்ளப்படும். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும், மூச்சு எடுக்கும்போது விலா உள்ளே இழுபட்டால் தாமதிக்கவேண்டாம்.

இரண்டாவது, மற்ற அடையாளங்களைக் கவனிப்பது. பேச்சுத் தடுமாறுதல், குழப்பம், எழுப்பக் கடினமான தூக்கம், கைகால் குளிர்ந்து தோல் மங்குதல், நாள் முழுவதும் சிறுநீர் மிகக் குறைதல், எழுந்தால் மயக்கம் வருதல் ஆகியவற்றில் ஒன்று காய்ச்சலோடு சேர்ந்தாலும் விடியும்வரை காத்திருக்கக்கூடாது. முதியவருக்கும் நீரிழிவு உள்ளவருக்கும் காய்ச்சல் இல்லாமலேயே செப்சிஸ் வரலாம் என்பதையும் அறிந்திருங்கள். இலவச சுவசெரிய அம்புலன்ஸை 1990 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

மூன்றாவது, வைத்தியரிடம் முழு விபரமும் சொல்வது. காய்ச்சல் எப்போது தொடங்கியது, நீரிழிவு உண்டா, அண்மையில் வயலிலோ வெள்ளத்திலோ நின்றாரா, காலில் புண் உண்டா, பாமசியில் வாங்கிப் போட்ட மாத்திரை என்ன என்பதெல்லாம் முக்கியம். “வாப்பா போன கிழமை வயல்ல சேற்றில நின்றவர், அவருக்குச் சீனி இருக்கு” என்று மகள் சொல்லும் ஒரு வசனம் வைத்தியரின் எண்ணத்தை மெலியோய்டோசிஸ் பக்கமும் எலிக்காய்ச்சல் பக்கமும் திருப்பும். 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பின்னர் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாகச் சிலர் இறந்தபோது, என்ன நோய் என்று மக்கள் அஞ்சினார்கள். சோதனைகளின் பின்னர் அது எலிக்காய்ச்சல் என அறியப்பட்டது. அதற்கும் மருந்து உண்டு, வேளைக்குக் கொடுத்தால்.

நான்காவது, வருமுன் காப்பது. சேற்றில் இறங்கும்போது றப்பர் பூட்ஸ் அணியலாம். புண் இருந்தால் நீர் புகாதபடி மூடலாம், அல்லது ஆறும்வரை வயலைத் தவிர்க்கலாம். வீடு வந்ததும் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும். வெள்ளம் புகுந்த கிணற்று நீரைக் கொதிக்கவைத்தே குடிக்கவேண்டும். நீரிழிவைக் கட்டுப்பாட்டில் வைப்பது எல்லாவற்றிலும் பெரிய காப்பு. எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விவசாயிகள் கேட்டுப் பெறலாம்.

ஐந்தாவது, மீதமிருக்கும் அன்டிபயோட்டிக் மாத்திரைகளைச் சொந்தமாகப் போடாமலிருப்பது. அது கிருமியை முழுதாக அழிக்காமல், பின்னர் செய்யும் குருதிச் சோதனையில் கிருமி தென்படாமல் மறைத்துவிடவும் கூடும்.

நிறைவாக

நோய்க்கு மருந்து தேடுவது இறைவன்மீது வைக்கும் நம்பிக்கைக்கு எதிரானதல்ல என்பது எமக்கு நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கவேண்டும் என்று சிறு வயதிலேயே படித்திருக்கிறோம். காய்ச்சல்காரரின் மூச்சை எண்ணிப் பார்ப்பதும் அந்தக் கயிற்றைக் கட்டுவதுதான்.

மேலே சொன்ன ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு கட்டிலும், கதவுக்கு வெளியே காத்திருந்த ஒரு குடும்பமும் இருந்தன. அவர்களுடைய சம்மதத்தாலும் பொறுமையாலும்தான் இன்று எமக்கு எது சரி என்று தெரிகிறது. அவர்களில் பலர் தம் பயனைத் தாம் காணவில்லை. உபோன் ரட்சத்தானியின் நெல் விவசாயியால் உறுதியான மருந்துதான் நாளை உறுகாமத்து விவசாயிக்கு ஏறப்போகிறது.

அந்த மூன்றாம் நாளுக்கு மீண்டும் போவோம். வாப்பா “வெள்ளிக்கிழமை பார்ப்பம்” என்கிறார். மகள் அருகில் அமர்ந்து ஒரு நிமிடம் எண்ணுகிறாள். இருபத்தாறு. “இல்ல வாப்பா, இப்பவே போவம்” என்கிறாள். குருதிச் சோதனையும் மருந்தும் ஓர் இரவு முன்னதாகத் தொடங்குகின்றன. செப்சிஸில் ஓர் இரவு என்பது மிகப் பெரிய காலம்.

இந்த இதழை மூடிவைத்துவிட்டு, இன்றே உங்கள் வீட்டிலுள்ள ஒருவரின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். சுகமாக இருக்கும்போது பழகிக்கொண்டால், தேவைப்படும் நாளில் கை நடுங்காது.